பிபிசி ஏகார்னை எடுத்தது எப்படி? 1981-இன் ஒரு கணினித் தேர்வு

1981 பிறந்தபோது பிபிசியின் தொடர்கல்விப் பிரிவிடம் பத்துப் பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்கான திட்டம் இருந்தது. கணினி என்றால் என்ன, அதற்கு நிரல் எழுதுவது எப்படி என்று சாதாரண மக்களுக்குச் சொல்லித்தரும் தொடர். அதையொட்டிப் புத்தகம், அஞ்சல்வழிப் பயிற்சி, பிபிசியின் பெயரிலேயே கடைக்கு வரப்போகும் ஒரு கணினி என்று ஒரு முழு ஏற்பாடு. இதில் கணினி மட்டும் கைக்கு வரவில்லை. செய்து தருவதாக இருந்த நிறுவனத்தால் முடியவில்லை. 1981 இலையுதிர்காலத்தில் ஒளிபரப்பாக வேண்டிய தொடரை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிட்டு, வேறு இயந்திரம் தேடக் கிளம்பினார்கள்.

இந்தக் கதையை வழக்கமாக கேம்பிரிட்ஜில் ஏகார்ன் என்ற கம்பெனியின் ஒரு சிறு குழு ஒரே வாரத்தில் கணினி செய்து காட்டிய சாகசமாகத்தான் சொல்வார்கள். சாகசம் உண்மைதான், அதற்கும் வருகிறேன். ஆனால் என்னை இதில் இழுப்பது வேறொன்று. போட்டியாளர்கள் மேசைக்கு வருவதற்கு முன்பே, எதை எதை ஒப்பிடுவது என்ற பட்டியல் முக்கால்வாசித் தீர்ப்பை எழுதிவிட்டது. ஜெயித்த இயந்திரத்தின் நிறையும் குறையும் இரண்டுமே அந்தப் பட்டியலிலிருந்து வந்தவைதான்.

சொந்தமாக ஒரு கணினி எதற்கு?

1978 மார்ச்சில் பிபிசியின் ஹொரைசன் வரிசையில் மைக்ரோசிப் பற்றிய ஆவணப்படம் ஒன்று வந்தது. சில்லு வந்தால் எத்தனை பேருடைய வேலை போகும் என்ற பயத்தை அது அரசாங்கம் வரை கொண்டுபோனது. தொடர்கல்விப் பிரிவைச் சேர்ந்த டேவிட் ஆலனும் ராபர்ட் அல்பரியும் வெளிநாடுகளில் நடப்பதைப் பார்த்து, 1979இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். பொதுமக்களுக்குக் கணினியைப் பற்றிச் சொன்னால் போதாது, அவர்கள் கையிலேயே கொடுத்துத் தட்டிப் பார்க்க விட வேண்டும் என்பது அங்கிருந்து வளர்ந்த எண்ணம்.

அங்கேதான் சிக்கல் தொடங்கியது. 1977இல் கமோடோர் பெட், ஆப்பிள் 2, டான்டியின் டிஆர்எஸ்-80 என்ற மூன்றும் அமெரிக்காவில் ஒரே ஆண்டில் வந்திருந்தன. பெட்டிலும் ஆப்பிள் 2இலும் இருந்தது ஒரே 6502 புராசஸர், அதாவது கணக்குப் போடும் மையச் சில்லு. இருந்தும் ஒன்றின் நிரல் மற்றதில் ஓடாது. நிரலைப் பதிந்து வைக்கும் கேசட்டும் ஏறாது. இதைவிட வேடிக்கை, சில ஆண்டுகளுக்குள் மூன்றிலும் மைக்ரோசாஃப்ட் எழுதிய பேசிக் என்ற நிரல்மொழிதான் ஓடியது. ஆனால் திரையில் ஒரு புள்ளி வைக்க வேண்டுமென்றால் ஆப்பிளில் ஒரு கட்டளை, டான்டியில் வேறொரு கட்டளை, பெட்டில் அப்படி ஒரு கட்டளையே கிடையாது. நினைவகத்தின் முகவரியைக் கண்டுபிடித்து அங்கே எண்ணைத் திணிக்க வேண்டும். பிரிட்டிஷ் சந்தையிலோ இதற்கு மேல் சின்க்ளேர், ஏகார்ன், டேன்ஜரின், ரிசர்ச் மெஷின்ஸ் என்று ஆளுக்கொரு வழி.

தொலைக்காட்சியில் பத்து வரி நிரலைக் காட்டினால், அதைப் பார்த்து வீட்டில் அடிக்கிறவர்களில் பெரும்பாலானோருக்குப் பிழைச் செய்திதான் வரும். எல்லா இயந்திரத்துக்கும் பொதுவான ஒரு பேசிக் வடிவத்தை வரையறுக்கலாமா என்றும் பிபிசி யோசித்தது. அந்த வரைவைக் கேட்டு நடக்க எந்தத் தயாரிப்பாளருக்கும் அவசியம் இல்லை. ஆகவே ஒரே ஒரு இயந்திரம், அதற்கு ஒரே ஒரு பேசிக், அதுவும் நாம் சொல்கிறபடி என்று முடிவாயிற்று.

ஓர் ஒளிபரப்பு நிறுவனம் தன் பெயரை ஒரு வியாபாரப் பொருளின் மேல் ஒட்டலாமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. விளம்பரமே ஒளிபரப்பாத பிபிசி ஒரு கம்பெனியின் சரக்குக்குத் தன் ஆந்தைச் சின்னத்தைக் கொடுக்கிறது என்றால் மற்றக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? நியாயமான கேள்விதான். அதற்கு நல்ல பதில் எதுவும் கடைசி வரை வரவில்லை.

முதல் வடிகட்டி: பிரிட்டிஷ் சரக்கு

பட்டியலின் முதல் வரியிலேயே ஆப்பிள், கமோடோர், டான்டி மூன்றும் வெளியே போயின. தொழில்துறை அமைச்சகம் பிரிட்டிஷ் கணினிதான் வேண்டும் என்று நெருக்கியது. பொதுப்பணத்தில் நடக்கும் நிறுவனம், உள்ளூர்த் தொழிலை வளர்க்கும் நோக்கம், சரி. ஆனால் 1981 தொடக்கத்தில் நிரல்களின் கையிருப்பு என்று பார்த்தால் இந்த மூன்றும்தான் முன்னணி. விரிதாள், எழுத்துச் செயலி, விளையாட்டு எல்லாம் அங்கே இருந்தன. ஏற்கெனவே என்னென்ன நிரல்கள் உண்டு என்ற கேள்விக்குப் பட்டியலில் கனம் கொடுத்திருந்தால், எந்த பிரிட்டிஷ் கணினியும் பக்கத்தில் நின்றிருக்க முடியாது.

அமைச்சகத்தின் நெருக்கடியில் பிபிசி முதலில் தேர்ந்தெடுத்தது நியூபரி லேபரட்டரிஸின் நியூபிரெய்ன். நியூபரி அரசாங்கத்தின் தேசிய நிறுவன வாரியத்துக்குச் சொந்தமானது. அமைச்சகத்தின் வலது கை பரிந்துரைக்க, இடது கை விற்கிறது என்று யாராவது சொன்னால் மறுப்பது கடினம். நியூபிரெய்னின் பூர்வீகமும் கேட்கத் தகுந்தது. சின்க்ளேர் ரேடியானிக்ஸில் கிளைவ் சின்க்ளேர் தொடங்கிய வேலை அது. அவர் அங்கிருந்து வெளியேறிய பிறகு வாரியம் அதை எடுத்து நியூபரியிடம் கொடுத்தது. சின்க்ளேரின் கூட்டாளி கிரிஸ் கரி, சிறு கணினிகளின் பக்கம் தனியாகப் போய், ஹெர்மன் ஹவுசரோடு சேர்ந்து 1978 டிசம்பரில் கேம்பிரிட்ஜில் ஒரு கம்பெனி தொடங்கினார். அதுதான் ஏகார்ன். ஆக, இந்தப் போட்டியில் மூன்று முக்கியப் பெயர்களும் ஒரே வீட்டிலிருந்து பிரிந்து வந்த பங்காளிகள்.

நியூபிரெய்ன் காகிதத்தில் நன்றாகவே இருந்தது. இசட்80 புராசஸர், தாராளமான நினைவகம், தொலைக்காட்சி இல்லாமலே ஒற்றை வரி காட்டும் சின்னத் திரை வைத்த மாடல். குறை ஒன்றுதான்: நியூபரியால் அதைத் தொழிற்சாலையிலிருந்து எண்ணிக்கையில் வெளியே அனுப்ப முடியவில்லை. பிபிசி தொடரைத் தள்ளிவைத்தது இதனால்தான். பிற்பாடு நியூபிரெய்ன் கிரண்டி என்ற கம்பெனி மூலம் 1982இல் சந்தைக்கு வந்தது. அதற்குள் பந்தயம் முடிந்திருந்தது.

ஓர் இயந்திரத்தின் குணங்களை அடுக்கி மதிப்பெண் போட்டவர்கள், "இது இன்றைக்குக் கடையில் கிடைக்கிறதா, ஆயிரக்கணக்கில் செய்ய ஆள் இருக்கிறார்களா" என்று ஒரு வரி சேர்க்காமல் விட்டது இந்த நிகழ்வின் முதல் பெரிய ஓட்டை. இரண்டாம் சுற்றிலும் இதை முழுதாக அடைக்கவில்லை என்பதைப் பிறகு பார்க்கலாம்.

இரண்டாம் சுற்று: சின்க்ளேரா, ஏகார்னா?

பிபிசியின் திட்டம் கரியின் காதுக்கும் சின்க்ளேரின் காதுக்கும் எட்டியது. இருவரும் எங்களையும் பாருங்கள் என்று கேட்க, கதவு திறந்தது. பிபிசி பொறியாளர்கள் எழுதிய விவரக்குறிப்பு இப்போது பொதுச் சவாலாக மாறியது. அதில் இருந்தவற்றில் முக்கியமானவை இவை: தட்டச்சுப்பொறி போன்ற முழு விசைப்பலகை, வண்ணம், ஒலி, தெளிவான எழுத்து, டெலிடெக்ஸ்ட் (தொலைக்காட்சி அலையோடு வரும் எழுத்துப் பக்கங்கள்) திரை, பிரிண்டர் இணைப்பு, வெளிக் கருவிகளை இணைக்கும் வாய்கள், கட்டமைப்போடு நிரல் எழுத இடம்தரும் பேசிக், பிற்காலத்தில் பெரிதாக்கிக்கொள்ளும் வசதி. இசட்80 புராசஸரில் ஓடும் சிபி/எம் இயங்குதளத்தையும் எப்படியாவது ஓட்ட முடிய வேண்டும், ஏனென்றால் அலுவலக நிரல்கள் அப்போது அதில்தான் இருந்தன.

இந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு சின்க்ளேரைப் பார்த்தால் என்ன தெரியும்? 1980இல் வந்த இசட்எக்ஸ் 80 நூறு பவுண்டுக்குக் கீழே விற்ற முதல் முழுக் கணினிகளில் ஒன்று, 99.95 பவுண்டு. 1981 மார்ச்சில் வந்த இசட்எக்ஸ் 81 இன்னும் மலிவு: செய்து முடித்தது 69.95, நீங்களே பற்றவைத்துக்கொள்வதானால் 49.95. விலையில் எட்டிப் பிடிக்க ஆளே இல்லை. ஆனால் தட்டையான படல விசைப்பலகை. வண்ணம் இல்லை, ஒலி இல்லை. நினைவகம் ஒரே ஒரு கிலோபைட். திரை நிறைய எழுத்தை நிரப்பினாலே அதில் முக்கால் பங்கு போய்விடும். 16 கிலோபைட் பெட்டியைப் பின்னால் செருகலாம், அது லேசாக ஆடினாலும் அடித்த நிரல் அத்தனையும் காணாமல் போகும். பத்து வாரப் பாடத்தை இதில் நடத்துவது ஆசிரியரின் பொறுமைக்கு வைக்கும் சோதனை.

ஏகார்னிடம் அப்போது ஆட்டம் (Atom, அணு) என்ற கணினி விற்பனையில் இருந்தது. அதற்கு அடுத்ததாக புரோட்டான் என்ற ஒன்றைத் திட்டமிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தத் திட்டமே ஓர் உள்வீட்டுச் சண்டையின் சமரசம். ஒரு தரப்புக்கு ஆராய்ச்சிக்கூடத் தரத்தில் வலிமையான இயந்திரம் வேண்டும், கரிக்கு மக்கள் வாங்கும் இயந்திரம் வேண்டும். ஹவுசர் இரண்டையும் முடிச்சுப் போட்டார்: மலிவான 6502 கணினி ஒன்றைச் செய்வோம், அதன் ஓரத்தில் ஒரு வாய் வைப்போம், பெரிய புராசஸர் வேண்டுகிறவர்கள் அங்கே இரண்டாவது புராசஸரை இணைத்துக்கொள்ளட்டும், அப்போது இந்தக் கணினி விசைப்பலகையையும் திரையையும் கவனிக்கும் எடுபிடியாக இருக்கும். அந்த வாய்க்கு டியூப் என்று பெயர். பிபிசி கேட்ட சிபி/எம் நிபந்தனைக்கு இதுவே பதிலாகவும் ஆனது. இசட்80 வேண்டுமா, பெட்டியில் போட்டு டியூபில் செருகுங்கள். நிபந்தனையை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றாமல், ஆனால் மீறாமலும் இருக்கும் சாமர்த்தியமான பதில் அது.

ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ரிசர்ச் மெஷின்ஸின் 380இசட்டையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1977 முதல் பள்ளிகளில் காலூன்றியிருந்த, இசட்80 வைத்த, சிபி/எம் ஓடக்கூடிய முரட்டு உலோகப் பெட்டி. பள்ளிக்கூடமே யோசித்து வாங்கும் விலை. வீட்டு மேசைக்கு அது வராது.

கேம்பிரிட்ஜில் அந்த வாரம்

பிபிசிக்காரர்கள் வெள்ளிக்கிழமை ஏகார்னுக்கு வருவதாக ஏற்பாடு. புரோட்டான் அப்போது சில வரைபடங்களாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஹவுசர் ஏகார்னின் வடிவமைப்பாளர் சோஃபி வில்சனுக்கு ஃபோன் போட்டு, ஒரு வாரத்தில் மாதிரி ஒன்று செய்ய முடியுமா என்று கேட்டார். முடியாது என்றார் வில்சன். "ஸ்டீவ் முடியும் என்கிறாரே" என்றார் ஹவுசர். பிறகு அந்த ஸ்டீவுக்கு, அதாவது இன்னொரு வடிவமைப்பாளரான ஸ்டீவ் ஃபர்பருக்கு ஃபோன் போட்டு, வில்சன் முடியும் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். இருவரையும் ஒரே பொய்யால் மாட்டிவிட்டதை ஹவுசரே பின்னாளில் சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டிருக்கிறார்.

வடிவமைப்பில் கடினமான இடம் நினைவகம். 6502 புராசஸர் 2 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டும், அதே நினைவகத்திலிருந்து திரைக்கான படமும் அதே வேகத்தில் போக வேண்டும், ஒன்றுக்காக மற்றது நிற்கக் கூடாது. அதற்கு நினைவகச் சில்லு 4 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்ல வேண்டும். அந்த வேகத்துக்கு அப்போது ஹிட்டாச்சியின் சில்லுதான் ஈடுகொடுத்தது. பெரும்பாலான போட்டிக் கணினிகள் 1 மெகாஹெர்ட்ஸ் 6502இல் ஓடிய காலத்தில் இந்த ஒரு முடிவு பிபிசி மைக்ரோவை (பிபிசியின் பெயரில் வெளிவந்தபோது புரோட்டானுக்குக் கிடைத்த பெயர்) இரு மடங்கு வேகமாக்கியது. ஒப்பீட்டுச் சோதனைகளில் பின்னாளில் அதற்குக் கிடைத்த நல்ல பெயரின் வேர் இங்கே இருக்கிறது.

வியாழன் இரவு மாதிரி பலகை தயாராகி, வேலை செய்ய மறுத்தது. சோதனைக் கருவியை ஒரு வயர் வழியே பலகையோடு பிணைத்து வைத்துக்கொண்டு விடிய விடியத் தேடினார்கள். பொறியியலில் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்ளாத ஹவுசர்தான், கடிகாரத் துடிப்பைக் கொண்டுவரும் அந்த இணைப்பை வெட்டிவிட்டுப் பலகையைத் தன் கடிகாரத்திலேயே ஓட விடுங்களேன் என்றார். வெட்டினார்கள். ஓடியது. காலையில் பிபிசிக்காரர்கள் வந்தபோது இயந்திரம் உயிரோடு இருந்தது. வில்சன் உட்கார்ந்து பேசிக்கையும் கொண்டுவந்து சேர்த்தார்.

இதே பலகையின் பிற்கால மாதிரி ஒன்றில் இன்னொரு விசித்திரம். ஒரு குறிப்பிட்ட இடத்தில் பொறியாளர் விரலை வைத்தால் ஓடும், எடுத்தால் நிற்கும். விரல் செய்யும் வேலையைச் செய்ய டேட்டா பஸ் (தரவு போகும் கம்பிகள்) மேல் ஒரு ரெசிஸ்டர் தொகுதியை வைத்து அனுப்பிவிட்டார்கள். ஏன் அது தேவைப்பட்டது என்று தனக்குத் தெரியாது என்று ஃபர்பர் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். லட்சக்கணக்கில் விற்ற கணினிக்குள் இப்படி ஒரு காரணம் தெரியாத திருத்தம் இருந்தது என்பதை வாங்கினவர் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இந்த வாரத்துக்குத் தீர்ப்பில் எவ்வளவு பங்கு? சாகசக் கதை சொல்கிற அளவு இல்லை என்பேன். ஓடும் மாதிரி இருந்ததால் நியூபரி கொடுத்த காயம் மறுபடி படாது என்ற நம்பிக்கை பிபிசிக்கு வந்தது, அவ்வளவுதான். விவரக்குறிப்போடு பொருந்திய வடிவமைப்பு ஏகார்னிடம் இருந்தது, சின்க்ளேரிடம் இல்லை. இன்னொன்றும் உண்டு. இப்படி மாற்று, அப்படிச் சேர் என்று பிபிசி சொன்னதைக் கேட்டுக்கொள்ள ஏகார்ன் தயாராக இருந்தது. தன் இயந்திரத்தைப் பிறர் சொல்படி வளைக்கிற மனிதர் அல்லர் சின்க்ளேர்.

தேர்வு கொடுத்ததும் எடுத்ததும்

பேசிக் மொழியில் பிபிசியின் பிடிவாதம் வீண்போகவில்லை. பெயர் சூட்டிய சிறு நடைமுறைகளாக நிரலைப் பிரிக்கலாம், அவற்றுக்குள் மட்டும் செல்லுபடியாகும் மாறிகளை வைக்கலாம். மாறிக்கு நீளமான பெயர் கொடுக்கலாம். மைக்ரோசாஃப்ட் பேசிக்கோ முதல் இரண்டு எழுத்தைத்தான் கவனிக்கும், மற்றதை எழுதியும் பயனில்லை. நிரலின் நடுவிலேயே, புராசஸரின் சொந்தக் கட்டளைகளுக்கு நெருக்கமான அசெம்பிளி மொழியில் எழுதலாம். 8-பிட் கணினிகளோடு வந்த பேசிக்குகளில் இதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை. வெளி இணைப்புகளும் அப்படியே: நான்கு அனலாக் உள்ளீடுகள் இருந்ததால் பள்ளி அறிவியல் கூடத்தில் வெப்பமானியை நேரே கணினியில் மாட்டலாம். எகோநெட் வழியாக வகுப்பறையின் கணினிகளைப் பிணைத்து ஒரே டிஸ்க்கைப் பகிரலாம். பள்ளிக்கென்று யோசித்தவர்கள் எழுதிய பட்டியல் என்பது இவற்றில் தெரிகிறது.

நினைவகத்தில் பட்டியல் சறுக்கியது. ஏ மாடலில் 16 கிலோபைட், பி மாடலில் 32. 6502ஆல் ஒரு நேரத்தில் 64 கிலோபைட்டைத்தான் தொட முடியும். அதில் பாதியை இயங்குதளமும் பேசிக்கும் பிற நிலையான சில்லுகளும் எடுத்துக்கொண்டன. மீதி 32இல், மிகத் தெளிவான திரையைத் திறந்தால் 20 கிலோபைட் அதற்கே போய்விடும். உங்கள் நிரலுக்கு எஞ்சுவது பத்துக்கும் கீழே. ஏ மாடலில் அந்தத் திரையைத் திறக்கவே முடியாது. டிஸ்க் இணைப்பைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் குறையும். 1982 ஏப்ரலில் வந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரமின் 48 கிலோபைட் மாடலில் திரை ஏழு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். நிரலுக்கு 40க்கு மேல் மிஞ்சும். விவரக்குறிப்பு எழுதியவர்கள் திரையின் தரத்தைக் கேட்டார்கள், அந்தத் தரத்துக்கு என்ன விலை என்று நினைவகத்திடம் கேட்கவில்லை.

விலையும் சறுக்கல்தான். 1981 டிசம்பர் 1 அன்று அறிமுகமானபோது ஏ மாடல் 235 பவுண்டு, பி மாடல் 335. சில வாரங்களில் 299, 399 என்று ஏறின. ஒரு பி மாடலின் விலைக்கு ஐந்து இசட்எக்ஸ் 81 வாங்கிவிட்டு மிச்சமும் வைத்துக்கொள்ளலாம்.

இனி அந்தப் பழைய ஓட்டை. தொடர் 1982 ஜனவரி 11 அன்று ஒளிபரப்பாகத் தொடங்கியது. பணம் கட்டியவர்களில் பலருக்குக் கணினி வரவில்லை. எல்லாம் சேர்த்து 12,000 விற்றால் பெரிது என்று கணக்குப் போட்டிருந்தார்கள்; கேட்டவர்கள் அதைவிடப் பல மடங்கு. படச் சில்லு சூடாகிப் படுத்தியது, முதல் கட்ட மின்வழங்கிகளை மாற்ற வேண்டிவந்தது. ஒரு வாரத்தில் ஒரு மாதிரியைச் செய்வது வேறு, மாதம் ஆயிரங்களில் செய்வது வேறு. நியூபரியிடம் பட்ட பிறகும் இரண்டாவதைச் சோதிக்க பிபிசியிடம் வழி இருக்கவில்லை. ஏகார்னும் அதற்குமுன் அவ்வளவு செய்ததே இல்லை.

ஆனாலும் பள்ளிகளில் பிபிசி மைக்ரோ வென்றது, அதற்கு இயந்திரத்தின் குணம் மட்டும் காரணம் அல்ல. 1981இல் தொழில்துறை அமைச்சகம் மேல்நிலைப் பள்ளிகளுக்குக் கணினி வாங்கப் பாதிப் பணம் கொடுத்தது. எதை வாங்கினாலும் அல்ல. பிபிசி மைக்ரோ அல்லது ரிசர்ச் மெஷின்ஸ், இரண்டில் ஒன்று. சின்க்ளேர் கொதித்தார். தன் கணினியைப் பள்ளிகளுக்குத் தானே பாதி விலையில் தருவதாக அறிவித்தார். 1982இல் தொடக்கப் பள்ளிகளுக்குத் திட்டம் நீண்டபோதுதான் ஸ்பெக்ட்ரமுக்கும் பட்டியலில் இடம் கிடைத்தது. பிறகு 1984 டிசம்பரில், ஏகார்னின் ஒரு விளம்பரம் சின்க்ளேர் கணினிகளின் பழுதைக் குத்திக்காட்டியதில், கேம்பிரிட்ஜ் மதுக்கடை ஒன்றில் சின்க்ளேரும் கரியும் கைகலந்தது தனிக்கதை. பங்காளிச் சண்டை என்று முதலிலேயே சொன்னேனே.

வீட்டுக்குள் போனது எது?

பிபிசி மைக்ரோ மொத்தம் பதினைந்து லட்சத்துக்கு மேல் விற்றது. ஸ்பெக்ட்ரம் குடும்பம் ஐம்பது லட்சத்தைத் தாண்டியது. 16 கிலோபைட் ஸ்பெக்ட்ரம் 125 பவுண்டு, 48 கிலோபைட் 175. ரப்பர் விசைகள், ஒழுங்கற்ற வண்ணங்கள், நொண்டும் பேசிக். படுக்கையறையில் உட்கார்ந்து விளையாட்டு எழுதி கேசட்டில் விற்ற பதின்ம வயதுக்காரர்கள் பெரும்பாலும் இதில்தான் எழுதினார்கள். பிரிட்டனின் விளையாட்டு மென்பொருள் தொழில் தழைத்த மண் அது. பிபிசி மைக்ரோவில் எலைட் போன்ற அற்புதங்கள் வரவில்லை என்று சொல்லவில்லை; 1984இல் டேவிட் பிராபனும் இயன் பெல்லும் அந்த 32 கிலோபைட்டுக்குள் ஒரு விண்வெளியையே அடக்கிக்காட்டினார்கள். ஆனால் பொதுமக்கள் கையில் கணினியைக் கொடுப்பதுதான் நோக்கம் என்றால், அந்த வேலையை அதிகம் செய்தது நிராகரிக்கப்பட்டவரின் இயந்திரம்.

அதற்காக பிபிசி தவறாகத் தேர்ந்தெடுத்தது என்று நான் சொல்லமாட்டேன். 1981 வசந்தத்தில் ஸ்பெக்ட்ரம் என்ற ஒன்று இல்லை; மேசையில் இருந்தது இசட்எக்ஸ் 81. அதை எடுத்திருந்தால் பள்ளி ஆசிரியர்கள் ஓராண்டில் அலமாரியில் பூட்டியிருப்பார்கள். தவறு என்றால், பள்ளிக்கும் வீட்டுக்கும் ஒரே பட்டியலை எழுதியதுதான். பள்ளிக்கூடம் எட்டு ஆண்டு உழைக்கும் பெட்டியை, இணைப்பு வாய்களை, கையேட்டைக் கேட்கிறது. வீட்டில் அப்பா விலையைக் கேட்கிறார், பையன் விளையாட்டைக் கேட்கிறான். இந்த இரண்டு பேருக்கும் இடமில்லாத பட்டியலில் ஏகார்ன் ஜெயித்தது.

பட்டியலில் யாரும் அதிகம் மதிக்காத வரி ஒன்று இதற்குள் தனியாக வளர்ந்துகொண்டிருந்தது. டியூபைச் சொல்கிறேன். சிபி/எம் நிபந்தனையைச் சமாளிக்க உதவிய அந்த வாயில் இசட்80 பெட்டியை வாங்கிச் செருகியவர்கள் சொற்பம். ஆனால் ஏகார்ன் பொறியாளர்கள் தங்களுக்குக் கிடைத்த ஒவ்வொரு புராசஸரையும் அதில் மாட்டிப் பார்த்தார்கள், எதுவும் திருப்தியாக இல்லை. 1983இல் வில்சனும் ஃபர்பரும் சொந்தமாக ஒன்றை வடிவமைக்க உட்கார்ந்தார்கள். 1985 ஏப்ரல் 26 அன்று வந்திறங்கிய முதல் ஏஆர்எம் சில்லை ஒரு பிபிசி மைக்ரோவின் டியூபில் மாட்டித்தான் ஓட்டினார்கள். இன்று நம் கையிலிருக்கும் கைபேசிகளின் புராசஸர் வம்சம் அது.

டெல்லிக்கு வந்த பட்டியல்

1984-85இல் இந்திய அரசின் மின்னணுவியல் துறையும் கல்வி அமைச்சகமும் கிளாஸ் என்ற கணினி எழுத்தறிவுத் திட்டத்தை 250 மேல்நிலைப் பள்ளிகளில் சோதனையாகத் தொடங்கின. தேர்ந்தெடுத்த இயந்திரம் பிபிசி மைக்ரோ. பின்னர் மொகாலியிலிருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் அதையே யூனிகார்ன் என்ற பெயரில் இங்கே செய்தது. பள்ளிக்கென்றே எழுதிய பட்டியலில் ஜெயித்த இயந்திரம், அனுபவப்பட்டது, கையேடும் கற்பிக்கும் நிரல்களும் தயாராக இருக்கின்றன. கோப்பில் எழுதக் குறையே இல்லை.

அந்தப் பட்டியல் ஆங்கிலம் பேசும் வகுப்பறைக்காக எழுதப்பட்டது. அதோடு வந்த கற்பிக்கும் நிரல்கள் பிரிட்டிஷ் பாடத்திட்டத்துக்கானவை, ஆங்கிலத்தில் இருந்தவை. இந்திய மொழி எழுத்துகள் வேண்டுமா என்று 1981இல் லண்டனில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், கேட்க அவசியமும் இல்லை. இயந்திரத்தில் அதற்கு ஒரு சின்ன வழி இருக்கத்தான் செய்தது. எட்டுக்கு எட்டுப் புள்ளிச் சதுரத்தில் எந்த எழுத்தையும் வரைந்து வைத்துக்கொள்ளலாம், ஒரே கட்டளை போதும். 'ட'வும் 'ப'வும் அதில் அழகாக உட்காரும். 'ணை', 'ஞூ' என்று வந்தால் இரண்டு சதுரம் ஒட்ட வேண்டும். நினைவகத்தை மிச்சம் பிடிக்கும் டெலிடெக்ஸ்ட் திரையிலோ இந்த வசதியே வேலை செய்யாது, அங்கே எழுத்து தனிச் சில்லில் அச்சாகி வந்தது.

டெல்லியில் எழுதியிருக்க வேண்டிய பட்டியல் வேறு: பயிற்சி பெற்ற ஆசிரியர் எத்தனை பேர், பழுதானால் சரிசெய்ய யார், பாடம் எந்த மொழியில், வாரத்தில் ஒரு மாணவனுக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும். திட்டம் தடுமாறியது பெரும்பாலும் இந்த இடங்களில்தான். புராசஸரின் வேகத்தைப் பற்றி யாரும் புகார் சொன்னதில்லை. 1993-94இல் திட்டத்தைத் திருத்தியபோது ஐபிஎம் பிசி வகைக்கு மாறினார்கள். அப்போது ஏகார்னே 6502ஐ விட்டு, தன் ஏஆர்எம் சில்லு வைத்த ஆர்க்கிமிடீஸ் வரிசைக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.